கஜபதி எதை வேண்டாம் என்றார்

வேடியப்பன் தன் தண்ணீர் முறையைத் தானாக விட்டுக்கொடுத்த அன்று காலைதான், தன் உடம்பில் ஏதோ பெரிதாகக் கோளாறு இருக்கிறது என்று கஜபதிக்கு உறைத்தது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் சித்திரை வெயிலில் தன் முறைத் தண்ணீரை அடுத்தவனுக்குக் கொடுத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. அதிலும் வேடியப்பன்! சித்தப்பா மகன், பங்காளி. தாத்தா காலத்து நிலத்தைப் பாகம் பிரித்தபோது வரப்புப் போட்டு மண்ணைப் பிரித்துவிட்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் இவருக்கு, ஒரு நாள் அவனுக்கு என்று முறை வைத்தார்கள். அந்த முறைக்காக எட்டு வருஷமாக இரண்டு பேரும் போடாத சண்டை இல்லை. மோட்டார் கால் மணி நேரம் கூட ஓடிவிட்டது என்று மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருக்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய் வந்திருக்கிறார்கள். கல்யாணம், காரியம் எதற்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்ததில்லை. கஜபதி களத்தில் நின்று கத்தினால் பஸ் ஸ்டாப்பில் டீ குடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட தொண்டை. பொங்கலுக்குப் பிறகுதான் அது கட்டிப்போய், இப்போது காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

அன்றைக்கு வேடியப்பனின் முறை. அவன் நேரத்துக்குத்தான் மோட்டார் போடுகிறானா என்று பார்க்க, விடிந்ததும் கஜபதி கிணற்றடிக்குப் போனார். அவன் மோட்டார் கொட்டகைக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“இன்னிக்கும் நீயே போட்டுக்கண்ணா. உன் கடலையைப் புடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி வோணுமில்ல.”

அண்ணா! எட்டு வருஷமாக ‘யோவ்’ என்று கூப்பிட்ட வாயிலிருந்து அண்ணா.

“இன்னாடா ஆச்சி உனுக்கு?”

“ஒண்ணுமில்லண்ணா. நீ கத்தாத. தொண்டைக்கு ஆவாது.”

கஜபதி அவன் சட்டையை எட்டிப் பிடித்தார். “என் தொண்டையப் பத்தி உனுக்கு யார்ரா சொன்னது?”

வேடியப்பன் திருப்பி ஒரு தள்ளு தள்ளியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தள்ளவில்லை. பிடித்த பிடியில் அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர் வேறு.

“உன் புள்ள ராஜீவுதாண்ணா. போன வாரம் டீக்கடையில என் கையப் புட்சிகினு அழுதான். ‘சித்தப்பா, நைனாகிட்ட இனிமே சண்டைக்குப் போவாதீங்க’ன்னான்.”

“எதுக்கு அழுதான்?”

வேடியப்பன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சொல்றா! சொல்லலன்னா கெணத்துல புட்ச்சித் தள்ளிடுவேன்.”

“கேன்சராம்ணா. தொண்டையில. குரலையே எடுத்துட்டாத்தான் உசுரு நிக்குமாம்.”

கஜபதி சட்டையை விட்டார். விட்ட இடம் கசங்கியிருந்தது. வேடியப்பன் அதை நீவிக்கூட விடவில்லை. அவன் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்குவதற்குள் இவர் வரப்பில் பாதி தூரம் போய்விட்டார்.

வீட்டு வாசலில் மனைவி தேவகி சொம்பும் கையுமாக நின்றிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். “யாரு சொன்னது?” என்று கேட்டாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. ஆக, அவளுக்கும் தெரியும். கண்டிகை முழுவதற்கும் தெரியும். தெரியாதவர் ஊரில் ஒரே ஒருத்தர், அந்த நோய்க்குச் சொந்தக்காரர்.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றார்.

“மாசியிலேர்ந்து” என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாசி! கஜபதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பத்து வாரம்.

மேலே ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார். அன்று கிருத்திகை. திருத்தணிக்குள் ஆட்டோவை விடவில்லை, பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளும், ஆந்திரா பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பங்களும், மஞ்சள் துணி கட்டின பிள்ளைகளும் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாய் நிறைய அரோகரா போட்டார்கள். கஜபதி அத்தனை பேரையும் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். அவருக்கு முருகன்மேலும் அன்றைக்குக் கோபம்தான்.

டாக்டர் பாலமுருகனின் கிளினிக் மலை ரோட்டுக்குக் கீழே இருந்தது. திருத்தணியில் அவருக்கு ‘பாவம் டாக்டர்’ என்று ஒரு பெயர் உண்டு. யார் போய் எதிரில் உட்கார்ந்தாலும், “அடடா, பாவம், ரொம்ப வலிக்குதா?” என்றுதான் ஆரம்பிப்பார். கையைப் பிடித்துக்கொள்வார். கிழவிகளுக்குக் கண்ணைத் துடைத்துவிடுவார். ஏழைபாழைகளிடம் பீஸ் வாங்கமாட்டார். மருந்து கம்பெனிக்காரன் கொடுத்த மாத்திரையைச் சும்மா எடுத்துக் கொடுப்பார். கனகம்மாசத்திரத்திலிருந்தும் மணவூரிலிருந்தும்கூட அந்தக் கைக்காகவே வருகிறவர்கள் உண்டு. ஊரே கொண்டாடும் மனிதர். அன்று காலை வரை கஜபதியும் கொண்டாடியவர்தான்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கெட்ட சேதி என்றால் நோயாளியிடம் சொல்லமாட்டார். “ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே போய் எடை பார்த்துட்டு இருங்க” என்று அனுப்பிவிட்டு, கூட வந்தவரை மட்டும் உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துவார். மாசி மாதம் கஜபதியும் அப்படித்தான் எடை பார்த்தார். ஐம்பத்தெட்டு கிலோ. அனிதா என்கிற நர்ஸ் பெண் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். உள்ளே மகன் ராஜீவ் இருபது நிமிஷம் நின்றான். வெளியே வந்தபோது அவன் மூக்கு சிவந்திருந்தது. சளி என்றான்.

அதற்கு முன்னால் திருவள்ளூரில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை கிள்ளி எடுத்திருந்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று இவரிடம் சொல்லியிருந்தார்கள். எடை பார்த்த அன்றைக்கு டாக்டர் தோளில் தட்டி, “ஒண்ணுமில்லைங்கய்யா, சின்னப் புண்ணு. எதுக்கும் ஒருமுறை சென்னைக்குப் போய்ட்டு வந்துடுங்களேன். ஒரு மாசம், ஒன்றரை மாசம் தங்கற மாதிரி இருக்கும்” என்றார். கஜபதி சிரித்துவிட்டார். கடலைச் செடிக்கு அடியில் மண் அணைக்கிற நேரம். ஆள் கிடைக்காத காலம். “புண்ணுக்குப் போயி ஒரு மாசம் சென்னையில போயி குந்திகினு இருக்கணுமா? வேணாம் சார். மாத்திரை குடுங்க, போதும்” என்றார். டாக்டரும் சிரித்தார். மாத்திரை கொடுத்தார்.

இந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் கஜபதி கிளினிக் படியேறினார். பெஞ்சில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் எடுக்கச் சொல்லி அனிதா கையை நீட்டினாள். அவர் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே ஒரு அம்மாள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ வெளிய போம்மா” என்றார் கஜபதி.

கத்தத்தான் நினைத்தார். அந்த ஓலைச் சத்தம்தான் வந்தது. ஆனால் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மாள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

“அடடா, கஜபதி ஐயா, வாங்க, உட்காருங்க. என்ன இப்படி வேர்த்திருக்கு, பாவம்...”

“வாய மூடு.”

டாக்டரிடம் அந்த அறையில் யாரும் ஒருமையில் பேசியதில்லை. அவர் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

“மாசி மாசம் எனக்கு இன்னா இருந்தது?”

டாக்டர் கதவைப் பார்த்தார். “ராஜீவ் வரலையா?”

“ராஜீவுக்குக் கேன்சரா, எனக்கா?”

இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரிந்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கஜபதியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

“ஐயா, உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் ராத்திரியெல்லாம் தூங்கலைங்க. உங்க மனசு தாங்காதுன்னுதான்...”

கஜபதி கையை உதறினார். “என் மனசு தாங்காதுன்னு உனுக்கு யாரு சொன்னது? ரெண்டு பசங்களப் பறிகுடுத்து ஒருத்தன வளர்த்தவன் நான். தாங்காதாம்! கண்ணத் தொடைப்பா முதல்ல. நோவு எனக்கு. நீ அழுதுட்டா நான் உனுக்கு ஆறுதல் சொல்லணுமா?”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ராஜீவ் வந்தான். தேவகி போன் போட்டிருக்கிறாள். கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து படுத்தவன் அப்படியே எழுந்து பைக்கில் வந்திருக்கிறான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“நைனா, வா, வூட்டுக்குப் போலாம். அங்க பேசிக்கலாம். நாங்க எல்லாம் உன் நல்லதுக்குத்தான்...”

“நீ வெளிய போயி எடை பாரு” என்றார் கஜபதி.

“நைனா...”

“போடா! இவருக்கும் எனக்கும் நடுவுல உனுக்கு இன்னா வேலை?”

ராஜீவ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவன் போனான். கஜபதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“இப்ப சொல்லு. மாசி மாசம் போயிருந்தா?”

“ஐயா, அதைப் பேசி என்ன ஆகப்போகுது, விடுங்க.”

“சொல்லு.”

“மாசி மாசம் கரண்ட், அதான் ரேடியேஷன், வெச்சாலே போதும்ங்கற நெலைமை. ஒன்றரை மாசம் தெனம் வைப்பாங்க. தொண்டை கொஞ்சம் புண்ணாகும், அப்புறம் ஆறிடும்.”

“குரலு?”

டாக்டர் மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தள்ளிவைத்தார். “இருந்திருக்கும். முக்கால்வாசி இருந்திருக்கும்.”

“இப்ப?”

“போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்த ரிப்போர்ட்ல, குரல் நரம்பு அசையலைன்னு வந்திருக்கு. இப்ப கரண்டு மட்டும் பத்தாது. குரல்வளையை எடுக்கணும்.”

கஜபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அது நோயாளிகள் உட்காரும் சுழல் ஸ்டூல். உட்கார்ந்ததும் சற்றுத் திரும்பிவிட்டது. காலை ஊன்றி நேராக்கிக்கொண்டார். கோபம் போய்விடவில்லை. அடியில் வேறொன்று வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். கடலைக்கு மண் அணைத்தோம், நன்றாகத்தான் அணைத்தோம், செடிக்கு இருபது முப்பது காய் பிடித்திருக்கிறது, அதற்கு நம் குரலைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தார். தெரிந்து கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

“பத்து வாரம்” என்றார். “பத்து வாரம் நீ எனக்கு இருமல் மருந்து குடுத்திருக்க. ஒவ்வொரு தடவ வரும்போதும் ‘பாவம், பாவம்’னு தடவிக் குடுத்திருக்க. நானும் இந்த மனுசன் எவ்ளோ நல்லவருன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்.”

“நான் போகச் சொன்னேன்ல ஐயா? நீங்கதான் வேணாம்னீங்க.”

“நீ புண்ணுன்ன! புண்ணுக்கு எவன்யா ஒரு மாசம் மெட்ராசுல போயி கெடப்பான்?”

“நான் ராஜீவ்கிட்ட தெளிவா சொன்னேன். அவர்தான் ‘சார், நைனாகிட்ட சொல்லிடாதீங்க, உடைஞ்சிடுவாரு’ன்னு கெஞ்சினார்.”

“அவன் புள்ள. அவன் பயப்படுவான். நீ எதுக்குப் படிச்ச?”

டாக்டருக்கு அது சுட்டுவிட்டது. முகம் கறுத்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த ஊருக்கு அவரைப் பார்த்துக் கைகூப்பத்தான் தெரியும், ஏசத் தெரியாது.

“சும்மா என்மேலயே பாயாதீங்க! பத்து வருஷமா பீடியை விடுங்க, பீடியை விடுங்கன்னு தலையில அடிச்சிக்கிட்டேன். கேட்டீங்களா?”

“ஆங், அதை மட்டும் தைரியமா சொன்ன! பீடி புடிக்காதன்னு சொல்ல எவனுக்கும் தைரியம் வரும். உனுக்குக் கேன்சருடான்னு சொல்ல மட்டும் வாய் வரல.”

“வரலைதான்!” டாக்டர் மேசையைத் தட்டினார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். “வரலை. என்னால அந்த மூஞ்சியைப் பார்க்க முடியாது. சொன்ன உடனே ஆளு மூஞ்சி ஒரு மாதிரி ஆகுமே, அதைப் பார்க்க முடியாது என்னால. உங்க மனசு தாங்காதுன்னு சொன்னேனே, பொய். எனக்குத்தான் தாங்காது. போதுமா?”

“போதாது” என்றார் கஜபதி. “ஆனா இதான் நீ பேசுன மொத உண்மை. இதே மாதிரி மிச்சத்தையும் சொல்லு. என் மூஞ்சியப் பாத்து சொல்லு.”

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு ஒரு கழுத்தை வரைந்தார். கை நேராக இல்லை, கழுத்துக் கோணலாக வந்தது. இந்த இடத்தை எடுத்துவிடுவார்கள் என்று காட்டினார். கீழே ஒரு ஓட்டை போடுவார்கள், இனி மூச்சு அது வழியாகத்தான் என்றார். மூக்கு சும்மா இருக்கும். வாசனை தெரியாது. பேச்சு வராது. பிற்பாடு சின்ன வால்வு வைத்துப் பழகினால் ஒரு மாதிரிப் பேசலாம், எல்லோருக்கும் வராது, வந்தாலும் அது உங்கள் குரலாக இருக்காது என்றார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கஜபதி கேட்டார். கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கும், ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்றார். ஒரு இடத்தில்கூடப் பாவம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, கண்ணைத் திருப்பாமல் கஜபதியின் முகத்தையே பார்த்தார். பார்க்கிறது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று கஜபதிக்கும் தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் டாக்டர். “நீங்க ஒரு நாள்ல என்னென்ன வேலை செய்வீங்க?”

“எதுக்கு?”

“தெரியணும். இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், கேட்டதில்லை.”

கஜபதி எரிச்சலோடுதான் சொன்னார். விடிந்தால் மாட்டுக்குத் தண்ணி, பிறகு வயல், மோட்டார், மருந்தடிப்பு. கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் கிணற்றுக்குள் இறங்கிக் குழாய் முனையில் அடைத்த சேற்றை எடுத்துவிடுவது.

“கிணத்துல இறங்குவீங்களா? நீஞ்சுவீங்களா?”

“அறுவத்தோரு வயசு ஆயிட்டுதுன்னு பாக்கறியா? இன்னிக்கும் மேலேர்ந்து குதிப்பேன்.”

“இனிமே இறங்கக் கூடாது. இடுப்பளவு தண்ணியில வழுக்கி விழுந்தாக்கூட கழுத்து ஓட்டை வழியா தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும். மருந்தும் அடிக்கக் கூடாது. தூசியில நின்னா துணி கட்டிக்கணும். இதை யாரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க. அங்க எல்லாரும் தலைக்குக் குளிக்கிறதைப் பத்தி மட்டும்தான் சொல்வாங்க.”

குரல் போகும் என்று கேட்டபோது கஜபதிக்கு வராத துக்கம், கிணற்றில் இறங்கக் கூடாது என்றதும் வந்து தொண்டையை அடைத்தது. அந்தத் தொண்டையே இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்ததும் மறுபடி கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாயிற்று. அது இல்லாவிட்டால் அந்த ஸ்டூலிலேயே அழுதிருப்பார், அதையும் இந்த ஆள் பார்த்திருப்பார்.

“லெட்டர் எழுது” என்றார். “சென்னைக்கு. திங்கக்கெழம போறேன்.”

டாக்டர் லெட்டர்பேடை எடுத்தார். இங்கிலீஷில் எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மடித்து, பழக்கதோஷத்தில் கதவுப் பக்கம் பார்த்தார்.

“என் கையில குடு. குடுக்கறதுக்கு முன்னாடி படி. தமிழ்ல படி, ஒவ்வொரு வரியா.”

டாக்டர் பிரித்தார். விரலை வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார். பெயர் கஜபதி, வயது அறுபத்தொன்று, விவசாயி. பொங்கலிலிருந்து குரல் கம்மல். புகைப்பழக்கம் உண்டு. குழாய் விட்டுப் பார்த்ததில் இன்னது, சதைப் பரிசோதனையில் இன்னது, இப்போதைய நிலைமை இன்னது. தயவுசெய்து உடனே கவனிக்கவும்.

கஜபதிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் கடலைக்கு ஏர் ஓட்டிய சால்களைப் பார்த்து நடந்த கண். நடுவில் ஒரு சால் விட்டுப்போனால் அது தப்பாது.

“ஒரு வரி தாண்டிட்ட.”

“இல்லையே.”

“சதைய எடுத்துப் பாத்ததுக்கும் இப்பத்த நெலமைக்கும் நடுவுல. அங்க வெரல் நிக்கல. படி.”

டாக்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

“‘பிப்ரவரி மாதமே சென்னைக்குப் போகும்படி அறிவுறுத்தப்பட்டது. நோயாளி மறுத்துவிட்டார்.’”

கஜபதிக்கு முதலில் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. இவ்வளவும் பேசி, மேசையைத் தட்டி, உண்மையென்று ஒன்றைக் கக்கின பிறகு, அதே கை இதை எழுதியிருக்கிறது.

“நான் மறுத்துட்டனா?”

“நீங்க வேணாம்னு சொன்னது உண்மைதானேங்க. நான் பொய்யா எழுதலை.”

“எத வேணாம்னு சொன்னேன்?”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

“எதய்யா வேணாம்னு சொன்னேன்? ஒரு புண்ணுக்கு மெட்ராஸ் போவ வேணாம்னேன். நீ அதைக் கேன்சரு வைத்தியத்தையே நான் தள்ளிட்டேன்னு எழுதி வெச்சிருக்க. அடிச்சிட்டு எழுது. நோயாளிகிட்ட நான் நோவு இன்னதுன்னு சொல்லல, அதனால அவரு வரலன்னு எழுது.”

“அது என்னால முடியாது.” டாக்டரின் குரலும் இறுகிவிட்டது. “அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு யாராவது அதை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா என் பொழப்பே போச்சு. இந்தக் கிளினிக்கை மூடிட்டுப் போக வேண்டியதுதான். இத்தனை ஜனத்துக்கு இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் ஒண்ணுமில்லாம போயிடும். உங்களுக்கு கேஸ் போடணும்னா போடுங்க, ஆனா என் கையால எழுதி வாங்காதீங்க.”

“கோர்ட்டுக்குப் போறதுக்கு எனக்கு ஏது நேரம்?”

“பின்ன எதுக்கு இது?”

கஜபதி எழுந்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். குரலைத் தேடிப்பிடித்துத்தான் பேச வேண்டியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையாக.

“யோவ், திங்கக்கெழம அங்க போவேன். இதைப் படிப்பாங்க. ஆபரேஷன் பண்ணுவாங்க. அப்புறம் எவனாச்சும் ஒரு சின்னப் பையன், உன்ன மாதிரி டாக்டருதான், கட்டில் பக்கத்துல வந்து நின்னு, ‘ஏன் பெரியவரே, அப்பவே சொன்னாங்களாமே, வந்திருந்தா குரல் தப்பிச்சிருக்குமே, பாவம்’னு சொல்லுவான். நர்சு சொல்லுவா. பக்கத்துக் கட்டில்காரன் சொல்லுவான். ஊருக்கு வந்தா ஊரே சொல்லும். எனக்கு யாருமே சொல்லலன்னு திருப்பிச் சொல்ல அன்னிக்கு எனக்கு வாய் இருக்காது.”

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் கை கஜபதியின் கையைப் பிடிக்க ஒருமுறை நகர்ந்தது, பாதியில் நின்று, பேனாவுக்குப் போனது. எழுதிய தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுத் தாளை எடுத்து, இந்த முறை தமிழிலேயே, எதிரே நிற்கிற கஜபதி தலைகீழாகவே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.